தந்தத்துல கடைஞ்ச பாதிரியார் பதக்கம், வயசு எப்படி கண்டுபிடிக்கிறது?

பொறையாத்துப் பையன்:
அப்பாயி தவறுனப்புறம் டிரங்குப் பெட்டிய ஒழிச்சப்ப வட்டமா ஒரு வில்லை கெடச்சுது, உள்ளங்கைக்குள்ள அடங்குற சைஸ், வெண்ணெய் கலரு, ஓரத்துல மட்டும் பழுப்பு ஏறிருக்கு. முன்னாடி ஒரு பாதிரியார் முகம், பக்கவாட்டுல, தலையில தட்டைத் தொப்பி, கனமான தாடை. வீட்ல எல்லாரும் அந்தக் காலத்துல தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்குன்னு சாதிக்கிறாங்க, எங்க பக்கம்னா வேற யாரச் சொல்லுவாங்க. என் டவுட்டு என்னன்னா மூஞ்சி மேலயே சன்னமா வட்டவட்டமா கோடு ஓடுது. கையில செதுக்குனதா இல்ல பிளாஸ்டிக்கா? மாமா ஒருத்தரு வித்துரலாம்னு நச்சரிக்கிறாரு.

கடைசல் பட்டறை:
தம்பி அந்தக் கோட்டப் போக்குறேன்னு பாலிஷ் கீலிஷ் போட்றாத, விஷயமே அதுலதான் இருக்கு, அது லேத்துல (கடைசல் மெஷின்ல) கடைஞ்ச தடம் மாதிரி இருக்கு. லேத்துல உருண்டையாத்தான வரும், மூக்கு எப்படி வரும்னு கேப்ப. டூப்ளிகேட் சாவி போடுற மெஷின் பாத்துருப்பல்ல, பழைய சாவி மேல முள்ளு ஏறி எறங்குறபடியே கட்டர் புதுச் சாவிய வெட்டும், அதே வித்தைதான். ஒரே சுத்துற தண்டுல ஒரு பக்கம் மாதிரிப் பதக்கம் ஒரு பக்கம் தந்தம், ரெண்டும் சேந்து சுத்தும், முள்ளு நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில மெல்ல நகரும், அந்தத் தடம்தான் உன் கோடு. ரஷ்ய ஜார் பீட்டருக்கு இதுல பைத்தியம், அவரே தந்தம் கடைவாரு, அவரு மெக்கானிக் நார்தோவ் செஞ்ச மெஷின் ஒண்ணு இன்னும் பாரிஸ் மியூசியத்துல இருக்கு. உங்க தரங்கம்பாடிய அப்ப வச்சிருந்த டென்மார்க்கோட அரண்மனையிலயும் இந்தப் பழக்கம் உண்டு, லோரன்ஸ் ஸ்பெங்லர்னு ஒரு சுவிஸ்காரரு 1745ல அங்க அரண்மனைக் கடைசல்காரரானாரு (ராஜாவே பட்டறையில நிப்பாரு, நம்மூர்ல கடைசல்காரனுக்குப் பொண்ணு குடுக்க யோசிக்கிறாங்க). லென்ஸ் வச்சு மூக்கோரத்தப் பாரு. லேத் கட்டர் அடியில கொடைஞ்சு போவாது, எல்லாச் சரிவும் வெளிப்பக்கமாவே இருக்கும். உளி வேலைன்னா காலருக்கு அடியிலயே நோண்டிருப்பான்.

கும்பகோணத்தான்:
சூடு ஊசி குத்திப் பாருன்னு எவனாவது சொல்லுவான், கேக்காதீங்க, பொருள் போயிரும். பின்பக்கத்த வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. குறுக்குவாட்டுல அறுத்த தந்தமா இருந்தா கோடு குறுக்கும் நெடுக்குமா பின்னிக்கிட்டு இருக்கும். அந்தக் கோணம் 115 டிகிரிக்கு மேலன்னா யானை, 90க்குக் கீழன்னா மேமத், அதாவது அழிஞ்சு போன பழைய யானை இனம். எலும்புன்னா பொடிப்பொடியா கருப்புப் புள்ளி, பிளாஸ்டிக்னா ஒரே சீரா இணைகோடு.

அப்புறம் சீகன்பால்குதான்னு அடிச்சு சொல்லாதீங்க. மனுஷன் 1706ல வந்து 1719ல 36 வயசுல போய்ச் சேந்துட்டாரு. தட்டைத் தொப்பி, கனத்த தாடைன்னா எனக்கு மார்ட்டின் லூதர்தான் ஞாபகம் வருது. 1717ல அவரு ஆரம்பிச்ச கிறிஸ்தவ சபைச் சீர்திருத்தத்தோட 200வது வருஷத்துக்கு லூதர் முகம் போட்ட பதக்கம் ஜெர்மனியில நெறைய அடிச்சாங்க, அதுல ஒண்ண மாதிரியா வச்சு கடைஞ்சிருக்கலாம்.

நாகை வக்கீல்:
மாமாவ மொதல்ல உக்கார வைங்க. தந்தம் விக்கிறது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், 1991 திருத்தத்துல ஆப்பிரிக்க தந்தமும் உள்ள வந்துருச்சு, ஆன்லைன்ல போட்டோ போட்டு வெல கேட்டாலும் வம்புதான். வாரிசா வந்த பொருள்னா 90 நாளுக்குள்ள வனத்துறையில எழுதிக் குடுக்கணும். 100 வருஷம் தாண்டுனது தொல்பொருள், வெளிநாட்டு சொந்தக்காரங்க கையில குடுத்தனுப்பவும் கூடாது.

பொறையாத்துப் பையன்:
லென்ஸ்ல பாத்தேன் அண்ணே. மூக்கடி, காலரடி எங்கயும் கொடைச்சலே இல்ல, கன்னத்துக்கு நடுவுல ஊசிமுனை அளவு ஒரு புள்ளி, கோடெல்லாம் அதச் சுத்தித்தான் ஓடுது. பின்னாடி பின்னல் கோடு தெரியுது, கோணம் நல்லா விரிஞ்சுதான் இருக்கு. கும்பகோணத்தாரே, ஓரத்துல மழுங்கலா இங்கிலீஷ் எழுத்து நாலு இருக்கு, எம், ஏ, ஆர், டி, அதுக்கு மேல தேஞ்சு போச்சு. வீட்ல இன்னும் ஒத்துக்கல. மாமா ஃபோனே எடுக்க மாட்டேங்கிறாரு. வக்கீல் சார், அப்பாயி போயி ரெண்டு மாசம் ஆச்சு, இந்த மனுவ நானே குடுக்கலாமா இல்ல அப்பா பேர்லதான் குடுக்கணுமா?

நாகை வக்கீல்:
அப்பா பேர்ல குடுங்க, வாரிசு சர்டிபிகேட் காப்பியும் போட்டோவும் சேத்து வைங்க. இந்த வாரமே பண்ணுங்க.