தோற்றதும் முதலில் அப்பா முகத்தைத் தேடுகிறாள், என்ன செய்வது?

வெயில்நிழல்:
என் மகளுக்குப் பத்து வயது. சதுரங்கம் கற்றுக்கொடு என்று கேட்டது அவள்தான், யாரும் திணிக்கவில்லை. ஆரம்பத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்துவிடுவாள். போட்டிகளில் ஜெயிக்கத் தொடங்கியதும் என் கணவர் இதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். இப்போது பள்ளிக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் புதிர்கள், மாலையில் பயிற்சி, இரவில் ஆடிய ஆட்டத்தை கம்ப்யூட்டரில் போட்டு எந்த நகர்த்தலில் கோட்டைவிட்டாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நடன வகுப்பை நிறுத்தியாயிற்று. ஆட்டத்தரத்தைக் காட்டும் புள்ளியான ரேட்டிங் ஏறினால் வீடு கலகலப்பாக இருக்கும், இறங்கினால் அன்று முழுக்க அவர் யாரிடமும் பேசமாட்டார்.

போன போட்டியில் நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றுவிட்டாள். எதிரில் இருந்த பையன் கைகொடுக்கக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறான், இவள் அதைக் கவனிக்கவே இல்லை, திரும்பி அப்பா எங்கே நிற்கிறார் என்று தேடுகிறாள். இப்போதெல்லாம் போட்டிக்கு முந்தின நாள் வயிற்றுவலி வந்துவிடுகிறது. நகர்த்தல்களை எழுதும் தாளை நாலாக மடித்துப் பைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

கணவரிடம் சொன்னால், "திறமை இருக்கிற பிள்ளை, இப்ப விட்டுட்டா பின்னாடி நம்மளைத்தான் கேட்கும்" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை, அவள் மீது உயிரையே வைத்திருக்கிறார். அதனால்தான் எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியவில்லை.

கறுப்புக்கட்டம்:
சிறுவர்களுக்குச் சதுரங்கம் சொல்லித்தருகிறேன். முதலில் வயிற்றுவலிக்கு டாக்டரிடம் காட்டுங்கள். வேறு கோளாறு இல்லை என்று தெரிந்தாலும் நடிக்கிறாள் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது, பதற்றத்தில் வருகிற வலியும் நிஜ வலிதான்.

அடுத்து ரேட்டிங். இதை உங்கள் கணவரிடம் அப்படியே காட்டுங்கள். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கில் 18 வயதுக்கு உட்பட்டு, 2300க்குக் கீழே இருப்பவர்களுக்குப் புள்ளி மாறும் வேகத்தைத் தீர்மானிக்கிற எண் 40. அதாவது சம ரேட்டிங் உள்ள ஒருவரிடம் தோற்றால் ஒரே ஆட்டத்தில் 20 புள்ளி போய்விடும், ஜெயித்தால் 20 ஏறும். வளர்கிற பிள்ளையின் ஆட்டத்தை எண் சீக்கிரம் எட்டிப் பிடிக்கட்டும் என்றுதான் இப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு போட்டியில் அறுபது எழுபது இறங்குவதெல்லாம் சாதாரணம், இந்த ஏற்ற இறக்கத்தை வைத்து அன்றைக்கு வீட்டில் யார் பேசுவது, யார் பேசாமல் இருப்பது என்று முடிவாகிறது என்றால் அந்தப் பிள்ளை பலகைக்கு முன்னால் எதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளை ஆட்டத்திலேயே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். காய் பலி கொடுத்துத் தாக்க வேண்டிய இடத்தில் தயங்கும். சிக்கலான நிலை வந்தால் டிரா கேட்கும். தோற்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்த பிள்ளை துணிந்து ஆடாது, துணிந்து ஆடாமல் ஒரு கட்டத்துக்கு மேல் வளரவும் முடியாது. அப்பா விரும்புகிற முன்னேற்றத்துக்கே அப்பாதான் குறுக்கே நிற்கிறார்.

காலைப் பயிற்சியையும் ஒரு தடவை பாருங்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலை ஒரு மணி நேரம் தூக்கத்திலிருந்துதான் போகிறது.

ஒற்றைப்படை:
எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. பிள்ளை ஆசைப்படுவதை மட்டும் செய்யட்டும் என்று விட்டால் எந்தப் பிள்ளையும் கஷ்டமான கட்டத்தைத் தாண்டாது. ஹங்கேரியின் சதுரங்க வீராங்கனைகளான போல்கர் சகோதரிகள் மூவரை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா லாஸ்லோ வீட்டிலேயே வைத்துப் படிப்பும் சதுரங்கமும் சொல்லிக் கொடுத்தார், ஜூடித் 1991இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார், மிகக் குறைந்த வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் என்று அதற்கு முன் அமெரிக்க வீரர் பாபி ஃபிஷர் வைத்திருந்த சாதனை அதோடு போனது. அந்த அப்பா தள்ளாமல் இருந்திருந்தால்?

கறுப்புக்கட்டம்:
நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கதை தொடங்கிய இடத்தையும் பாருங்கள். மூத்தவர் சூசன் நாலு வயதில் வீட்டு அலமாரியில் காய்களைக் கண்டெடுத்து இது என்ன என்று கேட்டதில் ஆரம்பித்தது அது. நடு மகள் சோஃபியா பிற்பாடு போட்டிச் சதுரங்கத்தைவிட்டு விலகிவிட்டார், அவரையும் சேர்த்துத்தான் அந்த வீட்டைப் பார்க்க வேண்டும். உழைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. சோம்பலாக இருக்கிற நாளில் "வா, பத்து நிமிஷம் போடலாம்" என்று கூப்பிடுவது எல்லாப் பெற்றோரும் செய்ய வேண்டியதுதான். இங்கே பிள்ளை தாளை ஒளித்து வைக்கிறது, அதைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது?

நடுநிசி:
நான் அந்தப் பிள்ளையாக இருந்தவள். எனக்கு வயலின். நன்றாகவே வாசித்தேன், பரிசுகள் உண்டு. மேடையிலிருந்து இறங்கியதும் அம்மா ஒன்றும் சொல்லமாட்டார், வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஆரம்பிக்கும். எந்த இடத்தில் சுருதி விலகியது, பக்கத்து வீட்டுப் பெண் எப்படி வாசித்தாள். வீடு வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவேன். இப்போது எனக்குச் சொந்தக் குடும்பம், நல்ல வேலை, வயலின் பெட்டியைத் திறப்பதே இல்லை. ஏதாவது நல்லது நடந்தாலும் அம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லத் தோன்றுவதில்லை, அடுத்தது என்ன என்று கேட்பார் என்று உள்ளே ஒரு இறுக்கம்.

டென்னிஸ் வீரர் அகாஸி எட்டு கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தவர். அப்பா ஒரு பந்து எறியும் இயந்திரத்தை வைத்து நாளுக்கு 2,500 பந்து அடிக்கச் சொல்வாராம், டென்னிஸை வெறுத்துக்கொண்டேதான் ஆடினேன் என்று 2009இல் எழுதினார். உச்சிக்குப் போனவருக்கே அப்படி. பாதி வழியில் நின்ற எங்களைப் போன்றவர்களை யாரும் எழுதுவதில்லை, நாங்கள்தான் அதிகம்.

தோழி, உங்கள் கணவரிடம் "நீங்கள் செய்வது தப்பு" என்று தொடங்காதீர்கள், அவர் தன் அன்புக்காக வாதாட ஆரம்பித்துவிடுவார். கண்ணாடிக்கு வெளியே நின்று நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், நீட்டிய கையை அவள் கவனிக்காமல் அவரைத் தேடியதை. அவர் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்திருக்காது.

வெயில்நிழல்:
எல்லோருக்கும் நன்றி. நடுநிசி, நீங்கள் எழுதியதை நேற்று இரவு அவரிடமே படிக்கக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் பேசாம இருந்தா அவளுக்கு அவ்வளவு தெரியுமா?" என்று கேட்டார். காலைப் பயிற்சியை நிறுத்தச் சம்மதித்துவிட்டார். அடுத்த மாதப் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன், சரிதானே?

கறுப்புக்கட்டம்:
அவளிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். போகச் சொன்னதும் நீங்கள்தான், நிறுத்தியதும் நீங்கள்தான் என்றாகிவிடும், அதோடு நன்றாக ஆடாததால் நிறுத்திவிட்டார்கள் என்று அவள் எடுத்துக்கொள்ளவும் கூடும். போகிறாயா இல்லையா, எதுவாக இருந்தாலும் சரி என்று அப்பாவே கேட்கட்டும். பதில் உடனே வராது, எந்தப் பதில் அவருக்குப் பிடிக்கும் என்று கொஞ்ச நாள் முகத்தைத்தான் பார்ப்பாள். போகிறேன் என்றால் ஆட்டம் முடிந்து வரும்போது சதுரங்கப் பேச்சை யாரும் எடுக்க வேண்டாம். நடன வகுப்பில் மறுபடி சேர்க்க முடியுமா என்றும் விசாரித்துப் பாருங்கள்.