அக்கா புகாருக்கு சிஎஸ்ஆர் மட்டும் போட்டிருக்காங்க, இது கேஸ் ஆகுமா?

கரூர்_தம்பி:
மாமா அறைஞ்சதுல அக்காவுக்கு காதுல ரத்தம் வந்துருச்சு. மகளிர் ஸ்டேஷன்ல புகார் குடுத்து பத்து நாள் ஆச்சு, சிஎஸ்ஆர் ரசீது குடுத்துட்டு ரெண்டு பேரையும் உக்கார வச்சு "கொழந்தை இருக்கு, அனுசரிச்சுப் போம்மா"ன்னு பேசி அனுப்பிட்டாங்க. இனி அடிக்க மாட்டேன்னு மாமா எழுதிக் குடுத்திருக்கார். அக்கா எங்க வீட்டுலதான் இருக்கு, போன் அடிச்சாலே நடுங்குது. அவரை அரெஸ்ட் பண்ணுவாங்களா?

வக்கீல்_மதுரை:
தம்பி, சிஎஸ்ஆர்ங்கறது மனு வாங்கினதுக்கு ரசீது, அவ்ளோதான். எஃப்ஐஆர் ஆனாத்தான் கேஸ். புருஷன் கொடுமைக்கு முன்னாடி ஐபிசி 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1லேருந்து நடந்ததுன்னா புது தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ல 85வது பிரிவு, மூணு வருஷம் வரை தண்டனை. குடும்பத் தகராறுல எஃப்ஐஆருக்கு முன்னாடி கொஞ்சம் விசாரிச்சுக்கலாம்னு 2013 லலிதா குமாரி தீர்ப்பு இடம் குடுத்துச்சு, அந்த சந்துலதான் இந்த கவுன்சிலிங் எல்லாம் நடக்குது. பதிய மாட்டேன்னா எஸ்பிக்கு பதிவுத் தபால்ல அனுப்புங்க, அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்திரேட் கோர்ட். அரெஸ்ட் உடனே நடக்கும்னு எதிர்பார்க்காதீங்க, 2014 அர்னேஷ் குமார் தீர்ப்புக்கு அப்புறம் பெரும்பாலும் முதல்ல நோட்டீஸ்தான். ஜிஎச்ல ஏஆர் காப்பில, அதாவது காயம் எப்படி ஆச்சுன்னு டாக்டர் எழுதி வைக்கிற பதிவுல, என்ன எழுதியிருக்கு, அதைச் சொல்லுங்க முதல்ல.

கரூர்_தம்பி:
பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுன்னு இருக்கு சார். மாமாதான் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனார், பக்கத்துலயே நின்னிருக்கார்.

செவ்வந்தி:
நானும் அதையேதான் சொன்னேன் தம்பி, அந்த ஒரு வரிய வச்சு ஆறு வருஷம் கழிச்சு குறுக்கு விசாரணைல அரை மணி நேரம் கேட்டாங்க. பக்கத்து வீட்டக்கா முன்னாடி சொன்னதை கோர்ட்ல மாத்திச் சொல்லி பிறழ் சாட்சி ஆயிட்டாங்க, அவருக்கு விடுதலை. நாளைக்கே காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் அறைஞ்சதுன்னு சொல்லி எழுதி வாங்குங்க. வழுக்கி விழுந்தேன்னு ஏன் சொன்னேன், யார் நின்னாங்க, அதையும் போலீஸ் வாக்குமூலத்துல சொல்லச் சொல்லுங்க. பொண்ணு பொய் கேஸ் போட்டான்னு பேசுறவங்களுக்கு அந்த ரூம்ல யார் நின்னாங்கன்னு தெரியாது.

வக்கீல்_மதுரை:
செவ்வந்தி சொல்றது நூத்துக்கு நூறு. கூடவே 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல தனியா மனு போடுங்க, அதுக்கு எஃப்ஐஆர் தேவையில்ல. மாவட்ட பாதுகாப்பு அலுவலரைப் பாருங்க. செலவுக்குப் பணம், கிட்ட வரக்கூடாதுன்னு உத்தரவு ரெண்டும் கேக்கலாம், உத்தரவை மீறினா ஒரு வருஷம் வரை ஜெயில் இருக்கு. கைல காசு இல்லாமதான் பாதி பேர் நடுவுல ராஜி ஆயிடுறாங்க. பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, 15100க்கு போன் பண்ணுங்க.

கரூர்_தம்பி:
அக்கா பக்கத்துல உக்காந்து படிக்குது. கோர்ட்ல அவர் எதிர்லயே நின்னுதான் சொல்லணுமான்னு கேக்குது.

செவ்வந்தி:
ஆமாம்மா, அவரும் அங்கதான் நிப்பார். நீ ஜட்ஜைப் பாத்து பேசு. எனக்கு முதல்ல குரலே வரல, ஜட்ஜம்மா தண்ணி குடுக்கச் சொன்னாங்க, குடிச்சப்புறம் வந்துச்சு.