நெட் விட்டு விட்டு வருது, போஸ்ட்ஃபிக்ஸ் க்யூல மெயில் அப்படியே கிடக்குது, யாராச்சும் சொல்லுங்க

மிளகுமூட்டை:
வணக்கமுங்க. கொல்லிமலை செம்மேடு பக்கம் மிளகு வாங்கி விக்கிற சின்ன ஆபீஸ். டெபியன் லினக்ஸ்ல போஸ்ட்ஃபிக்ஸ்ங்கற மெயில் சர்வர் ஓடுது, உள்ள அஞ்சு கம்ப்யூட்டரும் நெட் இல்லேன்னாலும் அதுலயே மெயில் போட்டுக்கும், வெளிய போறது ரிலேஹோஸ்ட் வழியா, அதாவது எங்க மெயிலை வாங்கி அனுப்பி விடற வெளி சர்வர். நெட்டுக்கு ஒரு 4ஜி டாங்கிள் தான். மழை பேஞ்சா டவர் போயிரும், ராத்திரி அரை மணி நேரம் வரும், மறுபடி போயிரும். அந்த அரை மணில பிரவுசர் ஓடுது வாட்ஸ்அப் வருது, மெயில் மட்டும் நகர மாட்டேங்குது. போன வாரம் ஈரோட்டு வியாபாரிக்குப் போட்ட ரேட் மெயில் அஞ்சு நாள் கழிச்சு எங்களுக்கே திரும்பி வந்துருச்சு, அதுக்குள்ள ரேட்டே மாறிப்போச்சு. எக்ஸிம்ங்கற வேற மெயில் சர்வருக்கு மாறிடட்டுமா? (போன்ல இந்த கீபோர்டு தான், செட்டிங் பேரெல்லாம் தமிழ்லயே அடிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க)

க்யூகாவலன்:
மாறாதீங்க, அங்கயும் இதே கதை தான். போஸ்ட்ஃபிக்ஸ்க்கு உங்க நெட் போனது தெரியாது. எதிர்ப்பக்க சர்வர் தான் படுத்துருச்சுன்னு நெனச்சு, அதைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு தள்ளித் தள்ளி ட்ரை பண்ணும். முதல்ல 300 செகண்ட், மெயில் பழசாக ஆக இடைவெளி கூடிக்கிட்டே போய் 4000 செகண்ட் வரைக்கும், அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேல. உங்க அரை மணி நெட் அந்த இடைவெளிக்குள்ளயே வந்துட்டுப் போயிடுது. அஞ்சு நாள் கணக்கு மேக்ஸிமல் க்யூ லைஃப்டைம் (போகாத மெயிலை எத்தனை நாள் க்யூல வெச்சிருக்கணும்ங்கற செட்டிங்), டிஃபால்ட்டே 5 நாள், அதை 10 ஆக்குங்க. டிலே வார்னிங் டைம் டிஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும், 12 மணி நேரம்னு போட்டா மெயில் இன்னும் போகலன்னு அனுப்புனவருக்கு அன்னிக்கே தகவல் வந்துடும்.

அடுத்து போஸ்ட்ஃபிக்ஸோட செட்டிங் ஃபைல் மெயின்.சிஎஃப்ல டிஃபர் டிரான்ஸ்போர்ட்ஸ்க்கு எஸ்எம்டிபின்னு (வெளிய மெயில் அனுப்புற முறை) குடுங்க. வெளிய போற மெயில் நீங்க சொல்ற வரைக்கும் ட்ரையே பண்ணாம க்யூல இருக்கும், உள்ளூர் மெயில் உடனே போயிரும். நெட் வந்ததும் போஸ்ட்க்யூ மைனஸ் எஃப்னு கமாண்ட் அடிச்சா க்யூல இருக்கறது எல்லாம் கெளம்பும். டயலப் காலத்து வழி தான், போஸ்ட்ஃபிக்ஸ் டாக்குமெண்ட்லயே இருக்கு.

மிளகுமூட்டை:
கையால அடிச்சா சர்ருனு போகுதுங்க! ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு முழிச்சிருந்து அடிக்கிறது. நெட்வொர்க் மேனேஜர் டிஸ்பாட்சர்ல (நெட் நிலை மாறுனா தானா ஸ்கிரிப்ட் ஓட்டுறது), லிங்க் அப் ஆனா ஓடுன்னு ஸ்கிரிப்ட் வெச்சேன், ஒருக்கா கூட ஓடலீங்க.

டாங்கிள்தாசன்:
ஓடாது தம்பி. இந்த டாங்கிள் எல்லாம் கம்ப்யூட்டருக்கு ஈதர்நெட் கார்டு மாதிரி தான் தெரியும், டவர் இருந்தாலும் இல்லேன்னாலும் லிங்க் எப்பவும் அப்லயே நிக்கும். நானும் ரெண்டு நாள் மண்டைய ஒடச்சுக்கிட்டேன். நெட்வொர்க்-மேனேஜர்-கான்ஃபிக்-கனெக்டிவிட்டி-டெபியன்னு ஒரு பேக்கேஜ், நெட் நெஜமாவே இருக்கான்னு பார்க்க, அதைப் போட்டுட்டு, கிரான்ல (நேரத்துக்கு தானா கமாண்ட் ஓட்டுறது) மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை என்எம்சிஎல்ஐ நெட்வொர்க்கிங் கனெக்டிவிட்டி செக் ஓட்டுங்க, ஃபுல்னு பதில் வந்தா மட்டும் போஸ்ட்க்யூ மைனஸ் எஃப். நெட் இருக்கும்போது புதுசா எழுதுற மெயிலும் அந்த டிஃபர்ல மாட்டும்ல, அதையும் இதுவே தள்ளிடும். பெரிய சர்வர்ல இப்படி அடிக்கடி ஃப்ளஷ் பண்ணா திட்டுவாங்க, அஞ்சு கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகாது.

க்யூகாவலன்:
இன்னொண்ணு விட்டுட்டேன். ஒரே இடத்துக்கு 20 கனெக்‌ஷன் வரைக்கும் தொறக்கலாம்னு டிஃபால்ட். உங்க ஒல்லி லைன்ல இருபதும் ஒண்ணை ஒண்ணு மிதிச்சுக்கிட்டு எதுவுமே முடியாம அந்து போயிடும். எஸ்எம்டிபி டெஸ்டினேஷன் கன்கரன்சி லிமிட்டை 2 ஆக்குங்க.

மிளகுமூட்டை:
பண்ணிட்டேனுங்க. நேத்து ராத்திரி 1:40க்கு டவர் வந்துருக்கு, லாக்ல வரிசையா 31 மெயிலுக்கு ஸ்டேட்டஸ் சென்ட். ஒண்ணே ஒண்ணு தான் நிக்குது, மிளகு போட்டோவோட 8 எம்பி. பாதி போனதும் கட்டாகுது, அடுத்த தடவை திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்குது, டேட்டா தான் காலி. விட்ட எடத்துல இருந்து புடிக்காதா?

டாங்கிள்தாசன்:
இன்னிக்கு ஓடுற எஸ்எம்டிபில அது கெடையாது. 1995லயே அதுக்கு ஆர்எஃப்சி 1845னு ஒரு இன்டர்நெட் டாக்குமெண்ட் எழுதுனாங்க, யாரும் பெருசா எடுத்துக்கல. நிஜமாவே வேணும்னா என்என்சிபின்னு ஃபைல், மெயில் கடத்துற ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் இருக்கு, விட்ட எடத்துல இருந்து புடிக்கும், போஸ்ட்ஃபிக்ஸோட சேர்த்து விடலாம். ஆனா டவுன்ல நல்ல நெட் இருக்கற எடத்துல உங்களுக்குன்னு இன்னொரு மெஷின் வேணும், அது தான் வாங்கி வெளிய அனுப்பும்.

மிளகுமூட்டை:
நாமக்கல்ல மச்சான் கடைல பழைய லேப்டாப் ஒண்ணு சும்மா கெடக்குது, ஞாயித்துக்கெழமை எறங்கறேன். அதுவரைக்கும் போட்டோவை 400 கேபிக்கு சுருக்கி அனுப்பிக்கறேனுங்க.