லாண்ட்மாஸ்டர் பெட்டியைக் கூடாரப் பெட்டியாக்கி ஜீப்பில் இழுக்கலாமா? (உகந்தைக்கு, குறைந்த செலவில்)

களுவாஞ்சி_ஜீப்காரன்:
ஓகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு உகந்தை முருகன் கோயில் பக்கம் மூன்று இரவு தங்கிவரலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமி. என்னிடம் இருப்பது பழைய 4டிஆர்5 மிட்சுபிஷி ஜீப், நான்கு சில்லும் இழுக்கும், போன மாதம்தான் கிளட்ச் மாற்றினேன். அவுஸ்திரேலியாவில் இருக்கிற தம்பி ஒரு வீடியோ அனுப்பினான், அங்கே ஜீப்புக்குப் பின்னால் ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு போய், நிறுத்தின இடத்தில் மூடியைத் திறந்தால் கூடாரம், மெத்தை, குசினி எல்லாம் விரிகிறது. பார்த்ததிலிருந்து மாமிக்கும் ஆசை வந்துவிட்டது. வீட்டில் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறது, வெல்டிங் கடையில் ஒன்றரை லட்சத்துக்கு மாற்றித் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா, வீண்செலவா? மணலில் இழுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கல்முனை_கராச்:
தம்பி, வேண்டாம். லாண்ட்மாஸ்டர் பெட்டி ஓடுகிற வேகம் என்ன, மணிக்கு 15 கிலோமீற்றர். அதனால்தான் அதற்கு ஸ்பிரிங் பிளேட்டே கிடையாது, அச்சு நேராகச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும். ஜீப்புக்குப் பின்னால் கட்டி 60இல் அக்கரைப்பற்றுத் தார் ரோட்டில் இழுத்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெட்டி எகிறும், பெயாரிங்கும் சூடேறிக் கடிக்கும். இன்னொன்றை நீங்கள் யோசித்திருக்கவே மாட்டீர்கள்: அந்தப் பெட்டியின் பிரேக் எங்கே இருக்கிறது? ஓட்டுகிறவர் பெட்டியில் இருந்துகொண்டு காலால் மிதிப்பார். ஜீப்பில் கொழுவினால் அதை யார் மிதிப்பது, மாமியா?

இழுக்கத்தான் வேண்டும் என்றால் ஸ்பிரிங் பிளேட் போட்ட பழைய ஜீப் பெட்டி ஒன்றைத் தேடுங்கள், அதற்குத் தனிப் பதிவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அமர வேண்டும். பின்பாரம் கூடினால் பெட்டி வாலாட்டும், அந்த ஆட்டத்தில் ஜீப்பே திரும்பிப் படுத்துவிடும். ஆனால் ஐந்து பேர் மூன்று இரவுக்குப் பெட்டியே தேவையில்லை என்பதுதான் என் கணக்கு.

பொத்துவில்_காக்கா:
கராச்காரர் சொன்னது சரி. நான் இழுத்துப் பட்டவன், அதனால் சொல்கிறேன். பாணமை வரைக்கும் தார் ரோடு, பிரச்சினையில்லை. அங்கிருந்து உகந்தைக்குக் கிரவல் ரோடு, வெயில் காலத்தில் துவைகல் மாதிரி வரிவரியாக இருக்கும், அதையும் மெதுவாகப் போனால் தாங்கலாம். கடற்கரைப் பக்கம் திரும்புகிற மணல் பாதையில்தான் சனி பிடிக்கும். எனக்கு ஜீப் கடந்துவிட்டது, பின்னால் வந்த பெட்டி மட்டும் கலப்பை மாதிரி மணலைக் கிழித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டது. பின்னால் எடுக்கப் பார்த்தால் பெட்டி மடிந்து ஜீப்பின் மூலையில் இடிக்கிறது. கடைசியில் கொக்கியைக் கழற்றி, மீன்வாடிப் பொடியன்கள் ஆறேழு பேர் கரைவலைக் கயிற்றைப் போட்டு இழுத்துத்தான் வெளியே வந்தது. தேத்தண்ணிக்கும் சிகரெட்டுக்கும் கொடுத்த காசில் கூடாரம் ஒன்று வாங்கியிருக்கலாம்.

மணலில் இறங்க முன்னமே டயர் காற்றைக் குறையுங்கள். 35 பிஎஸ்ஐ இருந்தால் 18, 20க்குக் கொண்டுவாருங்கள், டயர் பரந்து மேலே மிதக்கும். முன் சில்லு ஹப்பை (சில்லின் நடுவில் இருக்கிற பூட்டை) லொக் பண்ணிவிட்டீர்களா என்று இறங்கிப் பாருங்கள், பாதிப்பேர் அதை மறந்துவிட்டுத்தான் ஜீப் இழுக்கவில்லை என்று கத்துகிறார்கள். லோ கியரில் இரண்டாவதில் ஒரே சீராகப் போங்கள். நிற்பதென்றால் பிரேக் அடிக்காதீர்கள், எக்ஸிலேற்றரை விட்டால் மணலே நிறுத்தும், அடித்தால் சில்லுக்கு முன்னால் மணல் குவிந்து திரும்ப எடுக்க முடியாது. சில்லு சுற்றத் தொடங்கினால் உடனே விட்டுவிடுங்கள், அமத்த அமத்தக் கிடங்குதான் ஆழமாகும். இறங்கி மணலை அள்ளி, தென்னமட்டை நாலைச் சில்லுக்கு முன்னால் செருகுங்கள். திரும்பித் தாருக்கு ஏற முன்னம் காற்றை அடித்துவிட வேண்டும், முன் சில்லு இழுவையையும் எடுத்துவிடுங்கள், தாரில் அதைப் போட்டுக்கொண்டு வளைந்தால் கியர்ப்பெட்டி முறுகும்.

ஆரையம்பதி_அக்கா:
எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. கூடாரப் பெட்டி அவுஸ்திரேலியாக்காரன் கண்டுபிடித்ததா? நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது அப்பா ஆடிக் கொடியேற்றத்துக்கு உழவு மெசின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, பாய் விரித்து, மேலே தறப்பாள் கட்டித்தான் கொண்டுபோவார், அடுப்புக் கல்லும் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். உகந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற குமண தேசியப் பூங்காவை 1985இல் மூடி 2003இல்தான் திறந்தார்கள், அதனால் எங்களுக்கு அந்தப் பக்கம் இடையில் நெடுங்காலம் விட்டுப்போனது. திறந்த பிறகு திரும்பவும் அதே தறப்பாளோடுதான் போகிறோம்.

தம்பி, இதைக் கேளுங்கள். பெரிய தறப்பாள் ஒன்று, நைலோன் கயிறு, நுளம்பு வலை இரண்டு, பாய், 5 கிலோ காஸ் சிலிண்டரும் ஒற்றை அடுப்பும். இதில் பாதி வீட்டிலேயே இருக்கும். ஜீப்பின் ஒரு பக்கத்தில் தறப்பாளைக் கொழுவி, மறுபக்கத்தை இரண்டு கம்பில் கட்டினால் முற்றம் மாதிரி வரும். தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றர், ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 75. ஆக 20 லீற்றர் கான் நான்கு. கோயில் பக்கம் தங்குவதென்றால் கருவாடு, மீன் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள். புளிச்சோறு கட்டுங்கள், முதல் நாளுக்குச் சமையலே தேவைப்படாது.

வாழைக்குலை, மாம்பழம், உப்புச் சாக்கு எதையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு படுக்க வேண்டாம், மணத்துக்கு யானை வரும். மாலையில் ஆறு மணிக்குப் பிறகு பிள்ளைகளைக் கடற்கரைக்கும் களப்புக்கும் தனியே விடாதீர்கள், களப்பில் முதலை.

பொத்துவில்_காக்கா:
அக்கா சொன்னதோடு ஒன்று. குமண தேசியப் பூங்காவுக்குள் இரவு தங்க வேண்டுமென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே இடம் பதிய வேண்டும், வழிகாட்டி ஒருவரும் கூட வருவார். செலவைக் குறைக்கிறவர் உகந்தையில் கோயில் ஆட்களிடம் கேட்டுவிட்டு வெளியே தங்கி, ஒரு காலை மட்டும் உள்ளே போய்வரட்டும்.

களுவாஞ்சி_ஜீப்காரன்:
எல்லாருக்கும் நன்றி. பெட்டி வயலுக்கே போகட்டும். கணக்குப் பார்த்தேன், இங்கிருந்து உகந்தைக்குச் சுமார் 110 கிலோமீற்றர், போக வர 220. பெட்டியில்லாமல் லீற்றருக்கு 9 ஓடுகிறது, அப்போ 25 லீற்றர் டீசல் போதும், இழுத்தால் 30ஐத் தாண்டும். மிச்சம் ஒரு கேள்வி: மாமிக்கு நிலத்தில் இருக்க முடியாது, முழங்கால் வருத்தம். பிளாஸ்ரிக் கதிரை ஒன்றையும் தண்ணீர்க் கான்களையும் ஜீப்பின் கூரையில் கட்டலாமா?

கல்முனை_கராச்:
கதிரையைக் கட்டுங்கள், தண்ணீரைக் கட்டாதீர்கள். 80 லீற்றர் என்றால் 80 கிலோ, அது மேலே ஏறினால் கிரவல் வளைவில் ஜீப் சரியப் பார்க்கும். கான்களைப் பின் சீற்றுக்கு அடியில் வைத்துக் கயிற்றால் இறுக்குங்கள். ஸ்பெயார் சில்லுக்குக் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள், உங்கள் ஜீப் கடைசியாக என் கராச்சுக்கு வந்தபோது இருக்கவில்லை.