கில்ட் கையால் தைக்கப் போகிறேன்: 4 கெஜம் போதுமா?

டண்டீ மாமி:
எங்கள் வீட்டுக்கு வரப்போகும் மாப்பிள்ளை ஸ்காட்லாந்துக்காரர். கல்யாணத்துக்குக் கில்ட் (அந்த ஊர் ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடை) நானே தைத்துத் தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். ரவிக்கை, பாவாடை எல்லாம் வருஷக்கணக்காகத் தைக்கிறேன், கம்பளியில் கை வைத்ததில்லை. கார்டன் குலத்தின் டார்டன் (கட்டம் போட்ட கம்பளித் துணி), 16 அவுன்ஸ் எடை, இரட்டை அகலத்தில் 4 கெஜம் வாங்கியிருக்கிறேன். எட்டு கெஜம் வேண்டும் என்கிறார்களே? மடிப்பை மெஷினில் அடிக்கலாமா? கீழே மடித்துத் தைக்க எத்தனை இஞ்ச் விடுவது?

கீத் ஊசிக்காரன்:
அக்கா, உங்களிடம் இருப்பது எட்டு கெஜம்தான். நீளவாக்கில் நடுவே வெட்டி, இரண்டு துண்டையும் இணைத்தால் சரியாக வரும். இணைப்பை ஒரு மடிப்புக்குள்ளே ஒளித்துவிட வேண்டும். கீழே மடித்துத் தைக்கவே கூடாது. நெய்யும்போதே உறுதியாக முடிந்த ஓரம்தான் கில்டின் அடி ஓரம், வெட்டிய ஓரம் இடுப்புக்குப் போகும். அதற்காக ஒரு துண்டைத் தலைகீழாகச் சுற்ற வேண்டியிருக்கும். கார்டனில் இதனால் பிரச்சினை இல்லை, கட்டம் இருபக்கமும் ஒரே மாதிரி திரும்பும். ப்யூக்கனன் மாதிரி சமச்சீர் இல்லாத டார்டனாக இருந்தால் கோடுகளின் வரிசையே மாறிப்போகும்.

இனி மடிப்பு. கட்டம் தொடர்ந்து தெரியும்படி மடிக்கலாம், அல்லது ஒரே கோடு ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் வரும்படி மடிக்கலாம். 1994 வரை இருந்த கார்டன் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படையில் மஞ்சள் கோட்டுக்குத்தான் மடித்தார்கள். முதல் கில்டுக்கு நானும் அதையே சொல்வேன். ஒரு மடிப்பு பிசகினால் உடனே கண்ணில் படும், அங்கேயே பிரித்துவிடலாம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பின்பக்கம் இருப்பில் (உட்காரும் பகுதியில்) 20 இஞ்ச், இடுப்பில் 17 இஞ்ச், மொத்தம் 27 மடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மடிப்பு வெளியே தெரிவது கீழே முக்கால் இஞ்ச் அளவு, மேலே 5/8 இஞ்ச் அளவு. வித்தியாசம் வெறும் 1/8. இப்போது ஒவ்வொரு மடிப்பிலும் சாக்பீஸ் கோட்டின் தடிமனால் 1/16 தப்பினால் 27 மடிப்பில் ஒன்றரை இஞ்சைத் தாண்டிவிடும்! மாப்பிள்ளைக்குப் பக்கிளே எட்டாது. அதனால் சாக்பீஸைக் கூராகச் சீவுங்கள். குறிப்பதற்கு ஒரு சாயங்காலம் முழுவதும் போனாலும் போகட்டும்.

தைக்கும்போது வெளிப்பக்கத்திலிருந்து, மடிப்பின் விளிம்பைக் குத்தி, கீழ்த் துணியைப் பிடித்து, நூலை இறுக்கிக்கொண்டே வாருங்கள். தையல் இருப்போடு நிற்க வேண்டும், அதற்குக் கீழே மடிப்பு விடுபட்டுத் தொங்கும். மெஷினில் அடிப்பவர்களும் உண்டு. ஆனால் இந்த 1/8 சரிவையும் கோட்டையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டு போக எனக்கு விரல்தான் தோது.

நூல்கண்டு:
கேன்வாஸை விட்டுவிடாதீர்கள் மாமி. மடிப்பு தைத்து முடிந்ததும் உள்பக்கம் பருமனாகத் துணி குவிந்திருக்கும். அதை வெட்டி எடுத்தால்தான் இடுப்பில் தட்டையாக உட்காரும். ஆனால் முதலில் உள்ளே எல்லா மடிப்பையும் குறுக்கே ஒரு வரிசை தைத்துப் பிணைக்க வேண்டும், பிறகுதான் கத்தரி. அப்புறம் கேன்வாஸ், அதன்மேல் காட்டன் லைனிங். பட்டையும் பக்கிளும் இழுக்கிற இழுப்பைக் கேன்வாஸ்தான் தாங்கும். கம்பளி மட்டும் தாங்கினால் பின்பக்க மடிப்பு பிளந்து நிற்கும்.

டண்டீ மாமி:
ரெண்டு பேருக்கும் நன்றி. மாப்பிள்ளையிடம் இடுப்பளவு கேட்டேன், ஜீன்ஸ் சைஸைச் சொல்கிறார். அது போதுமா?

கீத் ஊசிக்காரன்:
போதாது அக்கா. ஜீன்ஸ் கீழே இறங்கி நிற்கும். கில்ட் தொப்புள் பக்கம் கட்டுவது, அதற்கும் மேலே இரண்டு இஞ்ச் போல ஏறும். டேப்பை எடுத்துக்கொண்டு நீங்களே போய் அளந்துவிடுங்கள். நீளம் முழங்கால் சில்லின் நடுவரை. தொங்கும் மடிப்புகளை அடிவரை ஓட்டுத் தையலில் பிடித்து, ஈரத்துணி போட்டு அழுத்தித் தேயுங்கள். சூடு ஆறும்வரை அந்த ஓட்டுத் தையலைப் பிரிக்கக் கூடாது. கல்யாணத்தன்று கில்ட் பின்னை, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு துணியில் மேல் துணியில் மட்டும் குத்தச் சொல்லுங்கள். உள் துணியையும் சேர்த்துக் குத்தினால் அவர் ஆட ஆரம்பித்ததும் கிழிந்துவிடும்.