புளி அளவு கைக்கு எப்படிப் பிடிபடும்? அனுபவசாலிங்க சொல்லுங்க

ஃப்ரெண்ட்ஸ் ஒரு ஹெல்ப் வேணும். ரெசிபி பாக்காம வீட்ல இருக்கிறத வச்சு சமைக்கப் பழகிட்டு இருக்கேன், ரொம்பப் பிடிச்சிருக்கு. ரசம் நுரை கட்டினதும் இறக்கணும், வத்தக்குழம்புல எண்ணெய் பிரிஞ்சு மேல வரணும், இதெல்லாம் கண்ணும் மூக்குமே சொல்லிடுது. புளிதான் இன்னும் பிடிபடல. எலுமிச்சை அளவுன்னு எல்லாரும் சொல்றாங்க ஆனா புதுப்புளி ஒரு மாதிரி, கறுத்த பழைய புளி ஒரு மாதிரி, இதுல நாட்டுத்தக்காளி வேற சேர்ந்தா அதோட புளிப்பும் ஏறும், அப்ப கரைக்கும்போதே எப்படி முடிவு பண்றீங்க? கரைசல நாக்குல வச்சுப் பாத்தாலே கொதிச்சு வத்தினப்புறம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சிடுமா? முருங்கைக்காயோட மாங்காயும் போட்டா புளியே வேணாமா? ஸ்பூன் கணக்கு வேணாங்க, நிறத்துல, வாசனையில நீங்க எதப் பாக்கறீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ்.