லிஸ்பனுக்கு இரண்டாம் தடவை

முதல் தடவை லிஸ்பன் போனபோது கையில் பட்டியல் இருந்தது. மூன்று நாளில் பெலெம் கோபுரம், ஜெரோனிமோஸ் மடாலயம், கோட்டை எல்லாம் முடித்தாக வேண்டும். 1902-இல் திறந்த சாந்தா ஜுஸ்தா இரும்பு லிஃப்டுக்காக ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றோம். மேலே இருந்தது ஐந்து நிமிடம். பின்பக்கம் கார்மோ வழியாக நடந்தே அந்த உயரத்துக்கு ஏறிவிடலாம் என்பது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

இந்தத் தடவை பட்டியல் எடுத்தால் நான் வரவில்லை என்று மனைவி சொல்லிவிட்டாள். சரி என்று அக்டோபரில் ஆறு நாள், கிராசா மேட்டில் சின்னதாக ஒரு வீடு எடுத்தோம். காலையில் தெருமுனைக் கடையில் நின்றபடியே ஒரு பிக்கா. டபராவில் ஊற்றினால் அடி நனையாத அளவு கறுப்புக் காபிதான், ஆனால் மதியம் வரை தாங்கும். போன முறை நசுங்கிக்கொண்டு போன 28-ஆம் எண் டிராமில் இந்த முறை விடிந்ததும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போனோம். அங்கே இருப்பது பிரஸேரஸ் கல்லறை. பிரஸேரஸ் என்றால் ‘இன்பங்கள்’ என்று பொருளாம்!

இரண்டாம் நாள் தூறல். அந்த ஊர் நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்கள், பல வருடம் மிதிபட்டு வழவழவென்று இருக்கும். அழகுதான், ஆனால் நனைந்தால் பாசி பிடித்த படித்துறை மாதிரி. இறக்கத்தில் கால் வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எதிரே வந்த பாட்டி ஒருவர் என் செருப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மொழி தெரியாவிட்டாலும் திட்டு புரிந்தது. அன்றைக்கே ரப்பர் அடி வைத்த ஷூ ஒன்று வாங்கினேன்.

நான் சொல்ல வந்தது செவ்வாய்க்கிழமை நடந்தது. சாந்தா கிளாரா திடலில் செவ்வாயும் சனியும் ஃபெய்ரா டா லாட்ரா என்ற பழைய பொருள் சந்தை கூடும். துணியை விரித்து உடைந்த ஓடு, பித்தளைக் குழாய், யாருடையதோ கல்யாண ஃபோட்டோ என்று பரப்பி வைத்திருப்பார்கள். ஒரு பெரியவர் முன்னால் தகர டப்பா நிறையத் துருப்பிடித்த சாவிகள். ஒன்றை எடுத்து என்ன விலை என்று சைகையில் கேட்டேன். “ஷாவ்” என்றார். விலை என்று நினைத்து விழித்தேன். மறுபடி சாவியைத் தட்டி “ஷாவ்” என்றார். அப்போதுதான் உறைத்தது. “எங்கள் மொழியில் சாவி” என்றேன்.

அவர் நம்பவில்லை. மாடி ஜன்னலைக் காட்டி “ஜனெலா?” என்றார். ஜன்னல் என்றேன். கடைப் பலகையைத் தட்டி “மேஸா?” மேசை. மனைவி தன் பங்குக்குப் பக்கத்துக் கடையில் கிடந்த பீரோவைக் காட்டி “அலமாரி” என்றாள். “அர்மாரியு!” என்று கத்தினார். அப்புறம் என் புது ஷூவைக் காட்டி “சப்பாத்து?” என்றார். நாங்கள் அப்படிச் சொல்வதில்லை, ஆனால் யாழ்ப்பாணத்து நண்பன் சப்பாத்து என்றுதான் சொல்வான். அதையும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டோம். போர்த்துகீசியர் நம் கரைக்கு வந்து விட்டுப்போன சொற்கள் என்று படித்திருக்கிறேன். 1554-இலேயே இதே லிஸ்பனில் ரோமன் எழுத்தில் தமிழ் அச்சேறியது என்றும் தெரியும். ஆனால் சந்தையில் ஒருவர் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வந்து விழும்போது கேட்பது வேறு.

கால் மணி நேரம் இப்படியே போனது. இவ்வளவு உறவு கொண்டாடிவிட்டோமே, விலையைக் குறைப்பார் என்று நினைத்தேன். சாவி ஐந்து யூரோ. ஒரு காசு இறங்கவில்லை.